ஏழு இஞ்சு இளைத்த தூண்

ஓட வேண்டாம், குனிய வேண்டாம், ஒரு சொட்டு வியர்வை சிந்த வேண்டாம். நாற்காலியில் சும்மா உட்கார்ந்தால் போதும், தொப்பை தானாகக் கரையும். இப்படி ஒருவர் சொன்னால் கூட்டம் வருமா, வராதா? வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே ஜிம்முக்குப் போகும் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. படிகளில் யாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். லிஃப்டுக்காக நின்ற வரிசை படிக்கட்டில் வளைந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு மாடி நடந்து ஏறினாலே கொஞ்சம் கொழுப்பு கரையுமே என்று சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் தையல்காரம்மாவின் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, அவள் கழுத்தில் ஒரு டேப். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவின் இடுப்புகள் பெருத்ததும் சிறுத்ததும் (பெருத்ததுதான் அதிகம்) அவளுடைய அளவு நோட்டில் இருந்தன. யார் எந்த வயதில் எத்தனை இஞ்சு என்று மனைவிக்குத் தெரியாததும் அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டாள். தொழில் தர்மம்.

வம்பு ஒரு போர்டில் தொடங்கியது.

ஜிம்முக்குப் புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்திருந்தாள். ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடிய பெண். எல்லோரும் கோச் என்று கூப்பிட்டார்கள். உறுப்பினர்கள் டிரெட்மில்லில் ஒரே வேகத்தில், கையில் போனைப் பார்த்தபடி, பூங்காவில் உலாத்துகிற மாதிரி நடப்பதைப் பார்த்து அவளுக்குத் தாங்கவில்லை. ஓனரிடம் போய் இன்டர்வல் டிரெய்னிங்கைச் சேர்க்கலாம் என்றாள். ஒரு நிமிடம் மூச்சு வாங்க ஓடு, இரண்டு நிமிடம் மெதுவாக நட. மறுபடி ஓடு, மறுபடி நட. எட்டுச் சுற்று, வாரம் மூன்று நாள். மற்ற நாளில் எடை தூக்கு, வாயைக் கொஞ்சம் கட்டு. மூன்று நான்கு மாதத்தில் வித்தியாசம் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஓனருக்குப் பிடித்துப்போயிற்று. உடனே பெயின்டருக்குப் போன் போட்டு, "இன்டர்வல் டிரெய்னிங்னு தமிழ்ல ஒரு போர்டு எழுதுப்பா" என்றார். பெயின்டர் ஆயுளில் கண்ட இன்டர்வல் ஒன்றே ஒன்று, அது சினிமாக் கொட்டகையில். "கொழுப்பைக் கரைக்கும் இடைவேளைப் பயிற்சி" என்று சிவப்பு எழுத்தில் தீட்டி மாட்டிவிட்டுப் போனார். முதல் வாரமே இரண்டு பேர் வந்து பாப்கார்ன் உண்டா என்று கேட்டார்கள்.

ஆறாவது வாரம் வந்தவர்தான் நம் கதாநாயகர். அதற்கு முன்பு அடுத்த தெருவில் கையெழுத்தைப் பார்த்து எதிர்காலம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலில் எதிர்காலம் இல்லை என்பது அவருக்கே தெரிய வந்த நேரம். போர்டைப் பார்த்தார். ஞானம் பிறந்தது. வெள்ளை டிராக் சூட், கழுத்தில் ஒரு விசில், முகத்தில் ஓயாத புன்சிரிப்பு. ஊரே அவரை இடைவேளையார் என்று அழைக்கத் தொடங்கியது.

"இடைவேளைன்னா என்ன? பிரிச்சுப் பாருங்க!" என்று முதல் நாளே முழங்கினார். "இடை, வேளை. இடைக்கான வேளை! நம்ம பாஷையிலேயே ரகசியம் இருக்கு, நாமதான் கவனிக்கலை. ஓடும்போதா கொழுப்பு கரையுது? ஓடினா அது பயந்துபோய் கெட்டியாயிடும். நீங்க உட்காரும்போதுதான் அது அசந்து தூங்கும். அப்போ பார்த்து வெளியேத்தணும்!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு சொல்லைப் பிரித்தால் தொப்பையும் பிரிந்து போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் அவர்கள் காதில் விழுந்தது 'உட்காரும்போது' என்கிற ஒரே வார்த்தைதான். அதற்கே பாதிப் பேர் சந்தா கட்டிவிட்டார்கள்.

முறை இதுதான். அரை நிமிடம் நிற்க வேண்டும். அரை மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டாவது வாரத்தில் அந்த அரை நிமிடம் நிற்பதும் கஷ்டம் என்று புகார் வர, இடைவேளையார் மனமிரங்கி அதை 'மனசுக்குள் ஓட்டம்' என்று மாற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, ஓடுவதாக நினைத்துக்கொண்டால் போதும். ஒருவர் நினைப்பிலேயே கால் சுளுக்கிக்கொண்டு இரண்டு நாள் லீவு எடுத்தார். கோச் டிரெட்மில்லைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், ஏற ஆளில்லை. கடைசியில் ஓனர் அதன் மேல் துண்டு காயப்போட்டார்.

எடை பார்க்கும் மெஷினுக்குத் தடை விழுந்தது. "எடை பொய் சொல்லும். இடை பொய் சொல்லாது" என்றார் இடைவேளையார். பேச்சு வழக்கில் இரண்டையும் 'எடை' என்றே சொல்லிப் பழகிய கூட்டம், எது பொய் சொல்லும் எது சொல்லாது என்று புரியாமலே தலையாட்டியது. மெஷினை ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள், தப்பு செய்த பிள்ளை மாதிரி.

அப்படியென்றால் அத்தாட்சி? இருந்தது. தங்க நிறத்தில் ஒரு டேப். இடைவேளையார் நாற்பத்தெட்டு நாள் மூச்சு ஊதி உரு ஏற்றியதாம். சேருகிற அன்று இடுப்பை அளந்து எழுதுவார். இருபதாவது நாள் "மூச்சை உள்ள இழுங்க, கண்ணை மூடுங்க" என்று சொல்லி மறுபடி அளப்பார். நான்கு இஞ்சு, ஐந்து இஞ்சு, ஆறு இஞ்சு குறைந்திருக்கும்! டேப் இடுப்பைக் கொஞ்சம் இறுக்கினால், "அது கொழுப்பு விடைபெறுகிற இறுக்கம்" என்பார். முத்திரை குத்திய சீட்டு ஒன்றும் கொடுப்பார்.

அந்தச் சீட்டுகள்தான் தையல்காரம்மாவின் தலையில் விடிந்தன.

"அக்கா, எனக்கு இப்ப முப்பத்திரண்டு. சீட்டைப் பாருங்க. அதுக்கே தச்சிடுங்க."

"ஒரு தடவை நானும் அளந்துடறேனே?"

"எதுக்கு? அவர் அளந்துட்டாரே!"

சீட்டின்படியே வெட்டினாள். மூன்றாம் நாள் பேன்ட் திரும்பி வந்தது, முட்டிக்கு மேல் ஏறவில்லை என்று. அடுத்த நாள் இன்னொன்று. "அந்தம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, வெட்டு தப்பா வெட்டறாங்க" என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. ஐந்து இஞ்சு இளைத்தவன் பேன்ட் ஏன் ஏறவில்லை என்று ஒருவனும் யோசிக்கவில்லை. தையல்காரியின் கண் மங்கிவிட்டது என்பது யோசிக்கச் சுலபமாக இருந்தது.

இதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது அவள் புருஷன் விஷயம்.

அவன் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் வயிறு ஸ்டியரிங்கை முட்டியது, பிரஷரும் சர்க்கரையும் ஏறியிருந்தன. கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த சோதனைக்குள் இறங்கவில்லை என்றால் வண்டியைத் தொடக்கூடாது. ஓட்டலாமா என்று கேட்டபோது ஓடலாம் என்றார். டிரைவர் கோச்சிடம் சேர்ந்தான். டாக்டரைக் கேட்டு அவனுக்கேற்ற மாதிரி அவள் குறைத்துத் தொடங்கினாள். ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது. வீட்டுப் படியேறும்போது நின்று நின்று மூச்சு வாங்குவது போயிற்று. அப்போதுதான் மேல் ஹாலில் நாற்காலி போட்டார்கள். அவனும் போய் உட்கார்ந்துவிட்டான்.

இப்போது சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. கையில் சீட்டு: நாற்பத்து மூன்று, முப்பத்தெட்டு ஆகியிருக்கிறது. யூனிஃபார்ம் பேன்ட்டைப் பிடித்துத் தரச் சொன்னான். பிடித்துக் கொடுத்தாள். காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது சண்டை.

"என்ன தச்ச நீ? பட்டன் பக்கத்துலயே வரல!"

"சீட்டுல இருக்கற அளவுதாங்க. முப்பத்தெட்டு."

"அப்ப துணி சுருங்கிப்போச்சு."

"இந்தத் துணி சுருங்காது. நில்லுங்க, நான் அளக்கறேன்."

அளந்தாள். நாற்பத்து நான்கு. உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு இஞ்சு கூடியிருந்தது.

"உன் டேப்பு சாதா டேப்பு," என்றான் டிரைவர். "அவரோடது உரு ஏத்தினது."

"இஞ்சுல சாதா இஞ்சு, ஸ்பெஷல் இஞ்சு இருக்கா?"

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் எனக்குக் குறைய மாட்டேங்குது."

"வயிறு உங்களோடது. நம்பிக்கை மட்டும் என்னோடதா?"

அவன் பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. போன வருடம் ஒரு நாள் வாசலில் தலை சுற்றி உட்கார்ந்தவன் அவன். அதே தலைசுற்றல் வண்டி ஓட்டும்போது வந்தால், பின்னால் ஐம்பது பேர். வண்டியை விட்டு இறக்கிவிட்டால் அவன் உடைந்துபோவான், இறக்காவிட்டால் அதைவிட மோசம். அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தாள்.

ஞாயிறன்று மெலிவு விழா. தொண்ணூறு பேர் ஹாலில். நடுவில் உருண்டையான கான்கிரீட் தூண், அதற்கு முன்னால் மேடை, மேடையில் வெல்வெட் தட்டு, தட்டில் தங்க டேப். அதிகம் இளைத்தவர்களுக்குப் பதக்கம். டிரைவர் ஏற்கெனவே ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தான், பழைய பேன்ட்டுடன். சட்டையை வெளியே விட்டிருந்தான்.

அளவு பார்க்க நின்றவர்களோடு தையல்காரம்மாவும் வரிசையில் நின்று மேடைக்கு வந்தாள்.

"ஐயா, நானும் டேப்பு பிடிச்சே வயிறு கழுவறவ. இப்படி ஒரு டேப்பை என் ஆயுசுல பார்த்ததில்ல. ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கட்டுமா?"

இடைவேளையாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஒத்திக்கோ மகளே! பாருங்கப்பா, தொழில் பக்தின்னா இதுதான்."

டேப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தட்டிலிருந்து கண்ணுக்குப் போகிற வழியில் அவள் விரல்கள் அதை ஒரு சிட்டிகை இழுத்துப் பார்த்துவிட்டன. ஆயிரக்கணக்கான பாவாடைக்கும் டிராயருக்கும் இடுப்பு வைத்துத் தைத்த விரல்கள். மேலே ஜரிகைத் துணி. உள்ளே என்ன என்று அந்த விரல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். சக்தி டேப்புல இருக்கா, உங்க கையில இருக்கா?"

"டேப்பில்தான். நான் வெறும் கருவி," என்றார் இடைவேளையார் கண்ணை மூடி. அடக்கமான மனிதர். அந்த அடக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

"அப்ப யார் பிடிச்சாலும் வேலை செய்யும்?"

"செய்யும். நம்பிக்கை வேணும்."

"வண்டி வண்டியா இருக்குங்க," என்று சொல்லிவிட்டு, டேப்போடு நேராகத் தூணிடம் போனாள். "இவரும் இந்த ஹால்ல ரொம்ப நாளா நிக்கறாரு. ஒரு நாளும் ஓடினதில்ல. இவரை முதல்ல அளந்துடுவோம். கோச்சு, நீ வந்து நம்பரைப் படி."

துண்டு மடித்துக்கொண்டிருந்த கோச் ஓடி வந்தாள். தையல்காரம்மா டேப்பை லேசாக, தளர்வாகச் சுற்றிப் பிடித்தாள்.

"நாப்பத்தெட்டு!" என்று கோச் உரக்கப் படித்தாள்.

"சரி. இப்ப தூணுக்கு இடைவேளை. எல்லாரும் கண்ணை மூடுங்க."

தொண்ணூறு பேரும் மூடினார்கள். யார் சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்றெல்லாம் கேட்கிற வழக்கம் அங்கே எப்போதோ போய்விட்டது. இடைவேளையார் மட்டும் திறந்தே வைத்திருந்தார். "மகளே, அது வந்து..." என்று எழுந்தார். அதற்குள் அவள் மறுபடி சுற்றி, இந்தத் தடவை நன்றாக இழுத்துப் பிடித்துவிட்டாள்.

"நாப்பத்தொண்ணு!"

ஹால் கண் திறந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு தடித்த ஆசாமி வயிற்றெரிச்சலோடு கத்தினார்: "தூணுக்கு ஏழு இஞ்சா? எனக்கு நாலுதானே குறைஞ்சது!"

இடைவேளையார் சும்மா வந்தவர் இல்லை. நொடியில் சுதாரித்தார். இரண்டு கையையும் தூக்கி, "பார்த்தீங்களா அற்புதத்தை! கல்லே கரையுது! நீங்க கரைய மாட்டீங்களா?" என்றார்.

கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள்! சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். இதற்கு மேலும் எப்படித்தான் காட்டுவது? தையல்காரம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டவில்லை, தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். அது போதும் அவளுக்கு.

"ஓனர் சார்," என்றாள், "மேல மொட்டை மாடியில தண்ணித் தொட்டி இருக்கில்ல? எவ்வளவு பிடிக்கும்?"

"அஞ்சாயிரம் லிட்டர்," என்றார் ஓனர், எதற்கு என்று தெரியாமல்.

"அதைத் தாங்கறது இந்தத் தூண்தானே? ஏழு இஞ்சு இளைச்ச தூணு எப்படிங்க தாங்கும்?" கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உசுரு முக்கியம். தூண் இளைச்சது நிஜம்னு நம்பறவங்க எல்லாம் இப்பவே வெளிய ஓடிடுங்க. பொய்னு நினைக்கறவங்க மட்டும் உட்காருங்க."

ஒருவரும் எழவில்லை. கைதட்ட எழுந்து நின்றவர்கள்கூட மெல்ல உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவர் காலைப் பார்த்தார், அது ஓடுகிறதா என்று. பிறகு எல்லோருமாக மேடையைப் பார்த்தார்கள்.

"ஐயா, நீங்களும் ஓடலையா?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

முதல் சிரிப்பு கோச்சிடமிருந்து வந்தது. அப்புறம் ஹாலே சிரித்தது. தையல்காரம்மா தங்க டேப்பையும் தன் டேப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தங்க டேப்பை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டுக் காட்டினாள். "இது எலாஸ்டிக். டிராயர்ல வெச்சுத் தைக்கறது. தளர்வா பிடிச்சா நிஜ அளவு. இழுத்துப் பிடிச்சா நம்பர் குறையும். நீங்க இளைக்கல, டேப்புதான் நீண்டுச்சு."

நம்பிக்கை இல்லாத இடத்தில் தனக்கு வேலையில்லை என்று இடைவேளையார் சொல்லத் தொடங்கினார். தடித்த ஆசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதைக் கண்டதும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். லிஃப்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. அன்றுதான் அவர் ஓடுவதை ஊர் பார்த்தது. நல்ல வேகம். கடைசித் தெரு முனை வரை இடைவேளையே விடவில்லை.

ஹால் காலியான பிறகும் டிரைவர் உட்கார்ந்தே இருந்தான். பதக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லோர் முன்னாலும் அவனையும் சேர்த்துத்தானே முட்டாளாக்கினோம் என்று அவளுக்கு உறுத்தியது.

"கோவமா?"

"இல்ல," என்றான். "எனக்கு ஓட வெக்கமா இருந்துச்சு. கண்ணாடியில பார்த்தா வயிறு தனியா குதிக்குது. பக்கத்து மெஷின்ல சின்னப் பொண்ணுங்க. உட்கார்ந்தாலே குறையும்னு ஒருத்தன் சொன்னதும், நிஜமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணிடுச்சு. அப்புறம் யோசிக்கவே மனசு வரல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

இதோடு அவன் சோதனையில் ஜெயித்தான் என்று நான் எழுதினால், நானும் ஒரு டேப் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மூன்று வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை. சோதனையில் தோற்றான். மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று டெப்போவில் டயர் பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்து அழுதான். மறுநாள் காலை டிரெட்மில்லிலிருந்து துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு ஏறினான். அரை நிமிடம் ஓட்டம், இரண்டரை நிமிடம் நடை. அப்புறம் முக்கால் நிமிடம். அப்புறம் ஒரு நிமிடம். பக்கத்தில் நின்று கோச் விசிலடித்தாள். மாத்திரையை விடவில்லை, தட்டில் மட்டும் குறைத்துக்கொண்டான். மூன்று மாதத்தில் ஆறு கிலோவும் இரண்டு இஞ்சும் இறங்கின. டாக்டர் பிரஷரை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அற்புதம் ஒன்றுமில்லை, வியர்வைதான்.

அவன் மறுபடி வண்டி எடுத்த திங்கட்கிழமை, தையல்காரம்மா கடையில் நல்ல கூட்டம். கண் மங்கிவிட்டது என்று சொன்ன அதே வாய்களெல்லாம் வரிசையில் நின்றன. தடித்த ஆசாமியும் வந்திருந்தார், கையில் துணி எதுவும் இல்லாமல்.

"அக்கா," என்றார் குரலைத் தாழ்த்தி, "உங்க டேப்பு பொய்யே சொல்லாதாமே, ரொம்ப ராசியானதாமே. அதை ஒரு தடவை என் தலையில வெச்சு எடுங்களேன். நல்லது நடக்கட்டும்."

வரிசை முழுவதும் ஆவலோடு கழுத்தை நீட்டியது. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இது இடுப்புக்கு வெச்சிருக்கற டேப்புங்க," என்றாள். "தலைக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதை நீங்கதான் உபயோகிச்சுப் பார்க்கணும்."